வெனிலா மணக்கும் அம்புலிமாமா

மே மாத விடுமுறை. பரணில் இருந்த டிரங்குப் பெட்டி கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பழைய வேட்டியில் சுற்றி, நடுவே இரண்டு அந்துருண்டை போட்டு வைத்திருந்த கட்டை அப்பா பிரிக்கிறார். உள்ளே 1980களின் அம்புலிமாமா இதழ்கள். காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்த ஒரு தொகுதி. எட்டு வயதில் தான் மடியில் வைத்துப் படித்ததை, எட்டு வயது மகளுக்குப் படித்துக் காட்டப் போகிறார். முதல் வேலையாக முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன.

மகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வேதாளம் தொங்கும் பக்கத்தைத் திருப்புகிறாள். பட்டென்று ஒரு மூலை உடைந்து அவள் விரலோடு வந்துவிடுகிறது. கிழியவில்லை, உடைகிறது.

“அப்பா, இது ஏன் அப்பளம் மாதிரி நொறுங்குது?”

அப்பாவிடம் தயாராக ஒரு பதில் உண்டு: “பழசாயிடுச்சு பாப்பா.” நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில்தான். ஆனால் அது சரியான பதில் இல்லை.

தமிழில் அச்சான நூல்களில் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று ‘தம்பிரான் வணக்கம்’. 1578இல் கொல்லத்தில் அச்சானது, பதினாறே பக்கம். அதன் ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 440 ஆண்டுகள் கடந்தும் எழுத்தெண்ணிப் படிக்கலாம். 1455 வாக்கில் குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியத்தின் காகிதப் பிரதிகள் இன்னமும் வெளுப்பாக, வளைந்து கொடுக்கும் தாள்களோடு இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் நாற்பது வயது அம்புலிமாமா நேற்றுப் பிறந்த குழந்தை. கிழவர் நிமிர்ந்து நிற்க, குழந்தைக்கு எலும்பு நொறுங்குகிறது என்றால், நோய் வயதில் இல்லை.

பூச்சியையும் குற்றம் சொல்ல முடியாது. கறையான் அரித்தால் மண்தடம் இருக்கும். ராமபாணப் பூச்சி துளைத்தால் துளை இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. யாரும் தொடாமல், பெட்டிக்குள் இருந்தபடியே தாள் தன்னைத்தானே நொறுக்கிக்கொண்டிருக்கிறது.

அது எப்படி என்று தெரிய, தாள் எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பூச்சரத்தை நினைத்துக்கொள்ளலாம். பூக்களுக்குப் பதிலாகச் சர்க்கரை மூலக்கூறுகள்; ஒன்றோடொன்று கைகோத்து ஆயிரக்கணக்கில் நீள்கின்றன. இந்தச் சரத்துக்குப் பெயர் செல்லுலோஸ். 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பயன் மரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பல சரங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி நார் ஆகின்றன. நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து காய்ந்தால் தாள். தேங்காய் நாரில் கயிறு திரிப்பவர்களுக்குத் தெரியும், நார் நீளமாக இருந்தால்தான் கயிறு தாங்கும். தாளுக்கும் அதே விதிதான். சரம் நீளமாக இருக்கும்வரை தாளை மடிக்கலாம், சுருட்டலாம், குழந்தை கையில் கொடுக்கலாம்.

பழைய ஐரோப்பியக் காகிதத்தின் மூலப்பொருள் கந்தல் துணி. கட்டிக் கிழிந்த பருத்தி, லினன் துணிகளை ஊறவைத்து, இடித்து, கூழாக்கி, சல்லடையில் அள்ளினார்கள். பருத்தியில் ஏறத்தாழ முழுக்க முழுக்கச் செல்லுலோஸ்தான். வேறு சரக்கு மிகக் குறைவு. குட்டன்பர்க்கின் தாள் இன்றும் நிமிர்ந்து நிற்பதற்கு அந்தக் கந்தல்தான் முதற்காரணம்.

சிக்கல் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள், செய்தித்தாள்கள் பெருகின, கந்தல் பெருகவில்லை. 1840களில் ஜெர்மனியில் பிரெட்ரிக் கெல்லரும், கடலுக்கு அப்பால் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சார்லஸ் ஃபெனர்டியும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டார்கள். மரத்தைச் சாணைக்கல்லில் வைத்து அரைத்தால் கூழ் கிடைக்கும். அந்தக் கூழில் தாள் செய்யலாம். காடு இருக்கும்வரை காகிதப் பஞ்சம் இல்லை. மலிவு விலை நாவல், காலணா நாளிதழ், குழந்தைகளுக்கான மாத இதழ் எல்லாம் பிறந்தது இந்தச் சாணைக்கல்லில்தான். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமா, 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸ் எல்லாமே மரக்கூழ்க் காலத்துப் பிள்ளைகள். இந்தப் புரட்சியை இகழ்வது நியாயமில்லை. கந்தல் காகிதத்திலேயே உலகம் நின்றிருந்தால், எட்டு வயதுப் பையன் கையில் மாதாமாதம் ஒரு கதைப்புத்தகம் கிடைத்திருக்காது.

ஆனால் மரம் பருத்தி அல்ல. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் செல்லுலோஸ். கால் பங்கு அளவுக்கு லிக்னின் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. செல்லுலோஸ் நார்கள் செங்கல் என்றால் லிக்னின் அவற்றைப் பிணைக்கும் சாந்து; ‘மரச்சாந்து’ என்று சொல்லிக்கொள்ளலாம். மரம் காற்றில் ஒடியாமல் நிமிர்ந்து நிற்பது இந்தச் சாந்தால்தான். நல்ல எழுதுதாள் செய்பவர்கள் மரத்தை வேதிப்பொருட்களில் வேகவைத்துச் சாந்தைக் கரைத்து வெளியேற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் மரத்தின் எடையில் பாதிதான் கூழாக மிஞ்சும். செய்தித்தாளுக்கு அது கட்டுப்படியாகாது. அரைத்ததை அப்படியே, சாந்தோடு சேர்த்துத் தாளாக்குவார்கள். ஏறத்தாழ எல்லாமே கூழாகிவிடும். அதனால்தான் அந்தத் தாள் மலிவு. கரூர் அருகே காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை மரத்துக்குப் பதில் கரும்புச் சக்கையைப் பெருமளவில் பயன்படுத்திப் பெயர் பெற்றது. சக்கையிலும் லிக்னின் உண்டு, மரத்தைவிடக் குறைவு.

லிக்னினின் குணத்தைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. இன்றைய நாளிதழ் ஒரு தாளை மொட்டைமாடி வெயிலில் விரித்து, நடுவே ஒரு சாவியை வைத்துவிட்டு வரலாம். பறக்காமலிருக்க ஓரங்களில் கல். இரண்டு மூன்று நாள் வெயில் போதும். சாவியை எடுத்தால் அதன் அடியில் சாவி வடிவில் வெளுப்பு, சுற்றிலும் மஞ்சள். வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்து லிக்னினைத் தாக்கி, நிறமுள்ள பொருட்களாக மாற்றிவிடுகின்றன. பைண்டு செய்த புத்தகத்தில் ஓரங்கள் முதலில் பழுத்து, நடுப்பகுதி கடைசிவரை வெளுப்பாக இருப்பதும் இதனால்தான். காற்றும் வெளிச்சமும் ஓரத்தின் வழியாகத்தான் நுழைகின்றன.

அப்படியானால் குற்றவாளி லிக்னின்தானா? பல ஆண்டுகள் நூலகர்களும் அப்படித்தான் நம்பினார்கள். மஞ்சளாவதும் நொறுங்குவதும் ஒன்றாகவே நிகழ்வதால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். லிக்னின் நிறைந்த தாளிலும் அமிலம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் நிறம்தான் மாறுகிறது, வலிமை பெரிதாகக் குறைவதில்லை என்று 1990களில் கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. மறுபக்கம், லிக்னினே இல்லாத, வேகவைத்த கூழில் செய்த எத்தனையோ நல்ல தாள்கள் வெளுப்பாக இருந்தபடியே உடைந்திருக்கின்றன.

உடைப்பவன் அமிலம். அது தாளுக்குள் எப்படி வந்தது?

பேனா மை வழியாக வந்தது என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் பாதி உண்மை. நாளிதழ் ஓரத்தில் மைப்பேனாவால் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எழுத்து ஊறிப் பரவி, மீசை முளைத்து நிற்கும். செல்லுலோசுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு தாகம். மை ஊறாமலிருக்கத் தாளுக்குப் பசை பூச வேண்டும். பழங்காலத்தில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் பூசினார்கள். ஒவ்வொரு தாளாக முக்கி, உலர்த்தி எடுக்கும் வேலை. 1807இல் மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர் சுலபமான முறை ஒன்றை வெளியிட்டார். கூழ்த்தொட்டியிலேயே பைன் மரப் பிசினைக் கலந்து, கூடவே படிகாரமும் போட்டுவிட்டால் போதும். பிசின் நாரில் ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தில் ஓடும் தாளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு உலகக் காகிதத்தில் பெரும்பகுதி இப்படித்தான் தயாரானது. பின்னாளில் ஆலைகள் படிகாரத்துக்குப் பதிலாக அதன் நெருங்கிய உறவான, இன்னும் மலிவான அலுமினியம் சல்ஃபேட்டுக்கு மாறின.

சலூனில் முகத்தில் தேய்க்கும் படிகாரத்தை நாக்கில் தொட்டுப் பார்த்தவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். துவர்ப்போடு ஒரு புளிப்பு. ஈரத்தில் அது அமிலத் தன்மை காட்டும். தாள் எவ்வளவு காய்ந்ததாகத் தோன்றினாலும், காற்றிலிருந்து இழுத்த ஈரம் அதற்குள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அந்த ஈரமும் இந்த உப்பும் சேர்ந்தால் தாளின் நாருக்குள்ளேயே அமிலம் குடியேறிவிடுகிறது.

அதன் பிறகு நடப்பதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். சர்க்கரைச் சரத்தில் இரண்டு மூலக்கூறுகள் கைகோத்திருக்கும் இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு புகுந்து கையைப் பிரித்துவிடுகிறது. அமிலம் இல்லாவிட்டால் இது மிக மிக மெதுவாக நடக்கும். அமிலம் இருந்தால் வேகமெடுக்கும். இதில் கொடுமை என்னவென்றால் அமிலம் செலவாவதே இல்லை. ஒரு பிணைப்பை வெட்ட உதவிவிட்டு, அப்படியே விலகி அடுத்த பிணைப்புக்குப் போகிறது. இப்படித் தான் தீராமல் வினையை மட்டும் தூண்டும் பொருளை வினையூக்கி என்பார்கள். மழுங்காத கத்தரிக்கோல் என்றாலும் சரிதான்.

எத்தனை வெட்டு விழுந்தால் தாள் நொறுங்கும்? ஆயிரம் பூக்கள் உள்ள ஒரு சரத்தில் நடுவில் ஒரு வெட்டு விழுந்தால் ஐந்நூறு, ஐந்நூறாக இரண்டு துண்டு. நான்கு வெட்டு விழுந்தால் சராசரியாக இருநூறு பூக்கள் கொண்ட ஐந்து துண்டு. செல்லுலோஸ் சரத்தின் சராசரி நீளம் இருநூறு முதல் முந்நூறு அலகுக்கு இறங்கிவிட்டால் தாள் மடிப்பைத் தாங்காது என்பது ஆய்வாளர்களின் அனுபவம். ஆக, ஏறத்தாழ ஆயிரம் பிணைப்புகளில் நான்கே நான்கு போனால் போதும், அப்பளம் தயார். மற்ற 995 பிணைப்புகள் அப்படியே இருக்கின்றன. தாளின் எடை குறையவில்லை, எழுத்து அழியவில்லை, படத்தில் வேதாளத்தின் தலைமயிர்கூடக் கலையவில்லை.

இன்னொன்றும் உண்டு. தாள் சிதையும்போது அசெட்டிக், ஃபார்மிக் போன்ற புது அமிலங்கள் உண்டாகின்றன. அவையும் வெட்டுகிற வேலையில் சேர்ந்துகொள்ளும். ஒரு கரண்டி உறைமோர் பானைப் பாலையும் புளிக்க வைப்பதைப் போன்ற கதை இது. மூடிய டிரங்குப் பெட்டிக்குள் இந்த ஆவிகள் வெளியேற வழியில்லாமல் பக்கத்துத் தாளையும் தொற்றும். எப்போதோ வெட்டி எடுத்த செய்தித்தாள் துணுக்கை நல்ல புத்தகம் ஒன்றின் நடுவில் செருகி மறந்துபோனவர்கள், இருபது ஆண்டு கழித்துத் திறந்தால் அந்தத் துணுக்கின் அளவிலேயே இரு பக்கமும் பழுப்பு நிழல் விழுந்திருப்பதைக் காணலாம். ஒரு தாளின் அமிலம் இன்னொரு தாளுக்கு நடந்துபோன சுவடு அது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நாற்பது ஆண்டு காத்திருந்தா?

வில்லியம் பாரோ காத்திருக்கவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில நூலகத்தில் பழைய ஆவணங்களைச் செப்பனிடுவது அவர் தொழில். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற வேதியியலாளர் அல்லர். ஆனால் பழந்தாள்களைக் கையாண்டு கையாண்டு அமிலத்தின் மீது அவருக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. 1900 முதல் 1949 வரை அமெரிக்காவில் வெளியான புத்தகங்களில் 500 எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் தாளையும் மடித்து மடித்துச் சோதித்தார். 1959இல் அவர் வெளியிட்ட முடிவு நூலக உலகத்தை உலுக்கியது: 97 விழுக்காடு நூல்கள் இன்னும் 50 ஆண்டுக்கு மேல் பயன்பாட்டைத் தாங்கா. தாளின் எதிர்காலத்தைக் கணிக்க அவர் நம்பிய கருவி ஓர் அடுப்பு. 100 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்தால், அலமாரியில் 25 ஆண்டு இருந்ததற்குச் சமம் என்ற கணக்கு அப்போது புழக்கத்தில் இருந்தது. செயற்கை முதுமை என்று இதைச் சொல்லலாம்.

அடுப்பில் மூன்று நாள் வெந்த தாளும் வீட்டில் கால் நூற்றாண்டு இருந்த தாளும் ஒன்றாகுமா? இந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். அதற்கும் ஒரு சோதனை அமைந்தது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1937இல் சில புத்தகத் தாள்களை அடுப்பில் வைத்துச் சோதித்திருந்தது. அதே தாள்களின் மீதி 36 ஆண்டுகள் சும்மா இருந்தது. பிறகு அவற்றை எடுத்துச் சோதித்தபோது, அடுப்பில் எந்தத் தாள் முந்தி, எது பிந்தி என்று வந்ததோ, ஏறத்தாழ அதே வரிசையில்தான் இயல்பாக முதிர்ந்தவையும் வந்தன. அடுப்பு ஆண்டுக்கணக்கைச் சரியாகச் சொல்லாது. ஆனால் எந்தத் தாள் முதலில் சாகும் என்பதைச் சொல்லிவிடும்.

பாரோவின் கெடுவை எதிர்த்து வாதாடியவர் எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர். நூலகர்கள் பக்க மூலையை முன்னும் பின்னும் மடித்து, உடைந்தால் ‘சாகப்போகிறது’ என்று முத்திரை குத்தினார்கள்; நுண்படச் சுருளில் படம் பிடித்துவிட்டு மூலப்பிரதியை எறிந்தார்கள். 2001இல் வந்த தம் நூலில் பேக்கர் கேட்ட கேள்வி எளிமையானது. புத்தகத்தை யார் மடித்துப் படிக்கிறார்கள்? பக்கத்தைத் திருப்பித்தானே படிக்கிறோம்? மடிப்புச் சோதனையில் தோற்ற தாளை நூற்றுக்கணக்கான முறை திருப்பிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. பாரோ கெடு வைத்த ஐம்பது ஆண்டு கடந்தும் அந்தக் காலத்து நூல்கள் ஏராளமாக அலமாரிகளில் இருக்கின்றன. வேதியியலில் பாரோ சொன்னது சரி, பயமுறுத்தலில் கொஞ்சம் அதிகம் என்று முடிக்கலாம். டிரங்குப் பெட்டியைத் திறந்த அப்பாவுக்கு இது ஆறுதல். மூலை உடைந்தாலும் புத்தகம் போய்விடவில்லை. மேசையில் வைத்து, பக்கத்தை அடியில் தாங்கிப் பிடித்துத் திருப்பினால் இன்னும் எத்தனையோ முறை படிக்கலாம்.

இனி அந்த மணம்.

பழைய புத்தகத்தைச் செப்பனிடுபவர்கள் அதைக் கையில் எடுத்ததும் மோந்து பார்ப்பார்கள். வெறும் ஆசையினால் அல்ல. தாள் எந்த நிலையில் இருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மாத்தியா ஸ்ட்ர்லிச்சும் அவர் குழுவினரும் இந்த மூக்கு வித்தையைக் கருவியால் செய்து பார்த்தார்கள். 2009இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 19, 20ஆம் நூற்றாண்டுத் தாள்கள் 72. ஒவ்வொன்றும் வெளியிடும் ஆவியைப் பிடித்து, அதில் கலந்திருக்கும் பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து, எடையை வைத்து அடையாளம் கண்டார்கள். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்பது இவற்றின் முழுப்பெயர். ‘மணச் சேர்மங்கள்’ என்றால் போதும். அவற்றுள் 15 சேர்மங்களின் அளவைப் பார்த்தாலே, தாளைக் கிள்ளாமல் கிழிக்காமல், அதில் எவ்வளவு அமிலம், எவ்வளவு லிக்னின் என்று கணிக்க முடிந்தது. மருத்துவர் நாடி பிடிப்பது போல.

அந்தப் பட்டியலில் நமக்குத் தெரிந்த வாசனைகளும் உண்டு. செல்லுலோஸ் வகைச் சரங்கள் சிதையும்போது வரும் ஃபர்ஃபுரால் பாதாம் போல மணக்கும். புளிப்புக்கு அசெட்டிக் அமிலம். பசும்புல் போல மணப்பவை சில. லிக்னின் உடையும்போது வருவது வெனிலின். ஐஸ்கிரீமில் வெனிலா என்று நாம் சாப்பிடும் மணத்தின் உயிர்ப்பொருளே அதுதான். இது ஏதோ தூரத்து ஒற்றுமை அல்ல. காகித ஆலைக் கழிவில் கரைந்துபோகும் லிக்னினிலிருந்தே நீண்ட காலம் செயற்கை வெனிலின் தயாரித்திருக்கிறார்கள்.

அப்பா கண்ணை மூடி ரசித்தாரே, அது புத்தகத்தின் நறுமணம் அல்ல. புத்தகம் உடைவதன் மணம். வெட்டுப்பட்ட ஒவ்வொரு சரமும் ஒரு துளி ஆவியை விட்டுவிட்டுப் போகிறது. கந்தல் தாளில் அச்சான நல்ல நூலில் இந்த மணம் குறைவு. அதிகம் மணக்கும் புத்தகம் அதிகம் நோய்ப்பட்ட புத்தகம்.

பிறகு ஏன் அது இவ்வளவு இனிக்கிறது? மூக்குக்கு மூளையில் ஒரு தனிக் குறுக்குவழி உண்டு. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் முதலில் தலாமஸ் என்னும் சந்திப்பு நிலையத்தில் இறங்கி ஏறித்தான் மேலே போகும். மணம் அப்படி அல்ல. மூக்கின் கூரைக்கு மேலே இருக்கும் முகர்ச்சிக் குமிழிலிருந்து, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும், நினைவைச் சேர்க்கும் ஹிப்போகேம்பசை ஒட்டிய பகுதிக்கும் நேராகவே பாதை இருக்கிறது. 2006இல் ஸ்வீடனின் யோஹான் வில்லாண்டரும் மரியா லார்சனும் முதியவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சொல்லைக் காட்டியும் படத்தைக் காட்டியும் பழைய நினைவைக் கேட்டால் பெரும்பாலும் பதின்வயது, அதையொட்டிய காலத்து நினைவுகள் வந்தன. மணத்தை முகரவைத்துக் கேட்டால், பத்து வயதுக்கு முந்தைய நினைவுகளே அதிகம் வந்தன. எட்டு வயதில் மடியில் கிடந்த புத்தகத்தின் மணம், நாற்பத்தெட்டில் ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு போவதற்கு இது ஒரு சான்று.

ஆனால் புத்தகத்தை மோந்து பார்க்கச் சொன்னால் மகள் மூக்கைச் சுருக்குகிறாள். “ஐயே, பழைய துணி வாசனை.” அவள் சொல்வதும் உண்மைதான். மணத்துக்குத் தனக்கென்று ஒரு பொருள் இல்லை; அது எதோடு ஒட்டிக்கொண்டதோ அதுதான் பொருள். 2017இல் லண்டன் ஆய்வாளர்கள் 1928ஆம் ஆண்டுப் பிரெஞ்சு நாவல் ஒன்றிலிருந்து பழம்புத்தக மணத்தைப் பிரித்து, என்னவென்று சொல்லாமல் பர்மிங்காம் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களை முகரச் செய்தார்கள். அதிகம் வந்த பதில் சாக்லேட். அடுத்து காபி. புத்தகம் என்று தெரியாத மூக்கு, தனக்குப் பழக்கமான ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது.

இதில் முதல் அறிமுகத்துக்குத் தனி இடம் உண்டு போலிருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யாரா யெஷுருன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளை முதலில் ஒரு மணத்தோடும் பிறகு வேறொரு மணத்தோடும் சேர்த்துக் காட்டினார்கள். முதலில் ஒட்டிய மணத்துக்கு மட்டும் மூளையில், குறிப்பாக ஹிப்போகேம்பசில், தனித் தடம் தெரிந்தது. ஒலியை வைத்துச் செய்தபோது அப்படி ஒரு தடம் இல்லை. மகள் இன்று ‘பழைய துணி’ என்று சொன்னது எதனோடு போய் ஒட்டப்போகிறது என்பதை அவளே இன்னும் முப்பது ஆண்டு கழித்துத்தான் சொல்ல முடியும். அப்பாவின் மடியோடா, மின்விசிறிச் சத்தத்தோடா, அந்துருண்டையோடா?

அதுவரை புத்தகம் இருக்க வேண்டுமே. வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தால் தாளின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பாதுகாப்பாளர்களின் கைக்கணக்கு. அந்தக் கணக்கில், ஓட்டுக்கும் தளத்துக்கும் அடியில் வேகும் பரண்தான் வீட்டிலேயே மோசமான இடம்; ஒரு காலத்தில் அடுப்பில் வைத்துச் சோதித்ததை நாம் பரணில் வைத்துச் செய்துகொண்டிருக்கிறோம். கீழே, சுவரை ஒட்டாத அலமாரியில், வெயில் படாமல் வைப்பது மேல். உடைந்த மூலையில் செலோடேப் ஒட்டுவதைக் கேட்டால் செப்பனிடுபவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அதன் பசை சில ஆண்டுகளில் தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாகிவிடும், டேப் மட்டும் உதிர்ந்துவிடும். அக்கறையாகச் செய்தித்தாளில் அட்டை போடுவதும் வேண்டாம். துணுக்கின் நிழல் நினைவிருக்கட்டும்.

அமிலத்தை முறித்துவிட முடியாதா? முடியும். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போடுவது போலத் தாளுக்குக் காரப்பொருள் கொடுக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1980களில் இதற்கு டைஎதில் துத்தநாகத்தின் ஆவியைப் பயன்படுத்திப் பார்த்தது. காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருள் அது. விண்வெளி நிறுவனமான நாசாவின் கோடார்டு மையத்தில் சோதனை நடந்தபோது 1985 டிசம்பரில் தீப்பிடித்தது. 1986 பிப்ரவரியில் வெடிப்பும் நேர்ந்தது. புத்தகத்தைக் காப்பாற்றக் கொளுத்துவதா என்று கேலி வராமல் இருந்திருக்காது. பின்னர் மக்னீசியம் ஆக்சைடு தூளைத் தாளில் படியவிடும் சாதுவான முறைக்கு நூலகம் மாறி, லட்சக்கணக்கான நூல்களுக்குச் சிகிச்சை அளித்தது. ஆனால் இந்தச் சிகிச்சை நோயை நிறுத்தும், போனதைத் திருப்பித் தராது. வெட்டுப்பட்ட சரத்தை யாரும் மறுபடி கட்ட முடியாது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை பழைய நூல்களையும் இதழ்களையும் நுண்படமாகவும் மின்படியாகவும் எடுத்து வைப்பது அதனால்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்த பெருந்தொகுப்பில் தொடங்கியது அந்த நூலகம். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை ஓவியர் மணியத்தின் படங்களோடு கத்தரித்து, பைண்டு செய்து, பேத்திவரை கொடுத்த குடும்பங்களுக்கும் இந்த அவசரம் புரியும்.

மகள் தன் அலமாரியிலிருந்து போன மாதம் வாங்கிய படக்கதை ஒன்றை எடுத்துவந்து நீட்டுகிறாள். “இப்ப இதை மோந்து பாருங்க.” அப்பா மோக்கிறார். பைண்டிங் பசையும் மையும்தான். வெள்ளைவெளேரென்ற தாள். 1980களுக்குப் பிறகு உலகெங்கும் ஆலைகள் படிகார முறையைக் கைவிட்டு, சுண்ணாம்புக்கல் தூள் கலந்த காரத் தாளுக்கு மாறின. புத்தகப் பாசத்தால் அல்ல. அந்தத் தூள் மலிவு, தாளும் பளிச்சென்று வரும். நெடுநாள் தாங்கும் தாளுக்கு 1994இல் பன்னாட்டுத் தரமும் வகுக்கப்பட்டது. அந்தத் தாளில் அச்சான நூல்களில் வட்டத்துக்குள் முடிவிலிக் குறி போடுவதுண்டு. முத்து காமிக்ஸ் கதைகளேகூட இப்போது பளபளக்கும் ஆர்ட் தாளில் மறுபதிப்பாக வருகின்றன. கதை அதே கதை. ஆனால் அந்தத் தாள் எளிதில் உடையாது, அந்த மணமும் எளிதில் வராது. சாணைக்கல்லும் படிகாரமும் சேர்ந்திருந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அச்சான புத்தகங்களுக்கு மட்டுமே வாய்த்த மணம் அது.

புதுப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அப்பா பழையதை மேசையில் விரிக்கிறார். உள்ளங்கையால் பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, விக்கிரமன் முருங்கை மரத்தில் ஏறும் இடத்திலிருந்து படிக்கிறார். உடைந்த மூலையோடு கடைசி வரியின் இரண்டு சொற்கள் போய்விட்டன. அவர் நிறுத்தாமல் அந்த இரண்டையும் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போகப் பார்க்கிறார். மகள் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

“இருங்கப்பா. அந்த ரெண்டு வார்த்தை இங்க இல்லையே, எப்படிப் படிச்சீங்க?”

பென்சில் டப்பாவில் பத்திரப்படுத்தி வைத்திருந்த மூலையை எடுத்துவந்து, பக்கத்தோடு பொருத்தி, சரிபார்க்கிறாள்.